ஒரு வாய் இறங்கும்வரை

என் வீட்டுக்காரரின் மூக்கில் போட்டிருந்த டியூபை எடுத்த அன்று, ஆஸ்பத்திரியில் எனக்கு ஊட்டப் பழக்கிய பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "கஞ்சி கெட்டியா இருக்கணும்மா. ஒரு ஸ்பூன் குடுத்துட்டு தொண்டையப் பாருங்க. கழுத்துச் சங்கு மேல ஏறி இறங்கணும். இறங்கின பிறகுதான் அடுத்தது. மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா சளி கட்டி காய்ச்சல் வரும். அப்புறம் மறுபடியும் டியூப்தான்."

பக்கவாதத்தில் அவருக்கு வலது கையும் பேச்சும் போயிருந்தன. டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று, நல்லாயிருந்த இடது கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்தில் அவரை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆனாலும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிறவள் என்று ராயபுரத்தில் எங்கள் தெருவில் எனக்குப் பெயர். நானும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் போன். தண்ணி லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று ஒரு குரூப். மாதா கோயில் அன்பியத்தின் ஜெபக் கூட்டம் யார் வீட்டில் என்று இன்னொன்று. போதாததற்கு மாதவரத்தில் இருக்கும் மகள், சரியாக ஊட்டும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, "அப்பா சாப்டாரா?" என்பாள். சாப்பிட விட்டால்தானே!

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, லாரி பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது எனக்கு. நாலு வார்த்தை திட்டி எழுதிக்கொண்டே, பார்க்காமல் அடுத்த ஸ்பூனை அவர் வாயில் வைத்துவிட்டேன். முந்தின வாயே இன்னும் இறங்கவில்லை. இருமல் என்றால் அப்படி ஓர் இருமல். முகம் கறுத்து, கண் பிதுங்கியது. முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டேன். ஒரு வழியாக அடங்கியது. பயத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? அவரையே திட்டினேன்.

"இன்னாய்யா அவசரம் உனுக்கு? மெதுவா முழுங்க மாட்டியா?"

அவர் என்னை முறைத்தார். நான் மறுபடி ஸ்பூனை எடுத்ததும் இடது கையைத் தூக்கி முஷ்டியை மடக்கினார். ஸ்பூனை நிறுத்தினேன். சங்கு ஏறியது, இறங்கியது. பிறகு ஆள்காட்டி விரலைக் கீழே காட்டி மெல்லச் சுற்றினார். அட, இது எனக்குத் தெரியுமே! துறைமுகத்தில் கப்பல் தளத்தில் நின்று கிரேனுக்குச் சைகை காட்டியவர் அவர். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குச் சத்தம் கேட்காது, கையைத்தான் பார்க்க வேண்டும். முஷ்டி என்றால் நிறுத்து. விரல் கீழே சுற்றினால் இறக்கு. எங்கள் பீரோவை மாடியேற்றிய அன்று கூலியாட்களையும் இப்படித்தான் ஆட்டி வைத்தார்.

"என்னை கிரேன் ஆக்கிட்டியா நீ?" என்றேன். விரல் மறுபடி சுற்றியது. இறக்கினேன்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். நான் வேறு பக்கம் திரும்பினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். போனைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தேன். அது அங்கே கிடந்து அலறும், என் கை பரபரக்கும். கீழே மீன்காரம்மா "நெத்திலி கீதும்மா" என்று குரல் கொடுப்பார். எழுந்து ஓடலாம் போலிருக்கும். விரலோ காற்றில் நிற்கும். கொஞ்ச நாளில் அந்தப் பரபரப்பு தானாக அடங்கியது. அவருடைய கை, தொண்டை, என் ஸ்பூன், அவ்வளவுதான். கஞ்சிக் கிண்ணம் காலியாகும்போது எனக்குள் இவ்வளவு நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய ஓய்வாக இருந்தது. நான் கவனிக்காததால் லாரி ஒன்றும் வராமல் போகவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் வெறும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தாள். இருமல் இல்லை. "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா. இனிமே டியூப் தேவைப்படாது. அவரே சாப்பிடட்டும்," என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வேடிக்கை பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் குழைந்த சோற்றில் மீன் குழம்பு ஊற்றி, முள் எடுத்து வைத்தேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து அவரே சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் பொறுத்தார். மூன்றாவது வாய் வாங்கியதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கிரேனை ஓரம் போகச் சொல்வதுபோல் கையை வீசினார்.

"போவ மாட்டேன். இன்னா பண்ணுவே?" என்றேன்.

வாயில் சோற்றோடு சிரித்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"யோவ், சிரிக்காத! மொதல்ல முழுங்குய்யா!"

சங்கு ஏறியது. இறங்கியது. வாயைத் திறந்து, காலி என்று காட்டினார்.