முத்துமாரியின் ஐந்தாம் படி

முத்துமாரியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவளை என்னளவுக்குக் கவனித்தவர்கள் வேறு யாரும் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

மும்பை செம்பூரில் எங்கள் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கம்பெனி ஊழியர்களை உட்காரவைத்து, உங்களுக்குள் தூங்கும் திறமையை எழுப்புங்கள் என்று இரண்டு நாள் சொல்லி அனுப்புவோம். பத்து வருடமாக இந்தப் புண்ணிய காரியத்தைச் செய்துவருகிறவள் நான், மாதுங்கா விசாலாக்ஷி. முத்துமாரி எங்களுக்கு டீ போடுகிறவள்.

நாங்குநேரிப் பக்கம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். கணவர் தோல் பட்டறையில் பை தைத்தார். முதுகு போனபிறகு வீட்டோடு கிடக்கிறார். இரண்டு பெண்களையும் அவளே கரையேற்றினாள். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் சண்டை போடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் நேரமாகும்.

பலகையில் நான் ஒரு முக்கோணம் போடுவேன். மனிதத் தேவைகள் ஐந்து படி, உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்வது. வகுப்புக்கும் டீ அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். ஆறு வருடம் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் சந்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டும் பெண்களிடம் தன் வழியில் சொல்லியும் வந்திருக்கிறாள். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

போன வருடம் தாராவிப் பெண்களுக்குத் தமிழிலேயே வகுப்பு நடத்தும் வேலை எங்களுக்கு வந்தது. புதிதாக ஓர் ஆள் தேவைப்பட்டது. முத்துமாரி நேராக எங்கள் இயக்குநர் நாணுவிடம் போய் நின்றாள்.

"சார், நான் பேசுதேன். ஒரு தடவ கேட்டுப் பாருங்க. சரியில்லன்னா டீயே போடுதேன்."

அலுவலகத்தில் எங்கள் ஆறு பேர் முன்னால் பேசினாள்.

"வயித்துக்குக் கஞ்சி வேணும். ராத்திரி பயமில்லாமத் தூங்கக் கதவுக்கு ஒரு தாப்பா வேணும். 'சாப்பிட்டியாட்டி'ன்னு கேக்க ஒரு ஆளு. நாலு பேரு நம்மள மதிச்சுப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். இம்புட்டும் இருந்தாலும் உள்ள ஒண்ணு அரிச்சுக்கிட்டே கெடக்கும், 'நீ வேற என்னமோ ஆயிருக்கணும்ட்டி'ன்னு. அதுதான் அஞ்சாம் படி."

வரவேற்பில் இருக்கும் பெண் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். என் வகுப்பில் பத்து வருடத்தில் ஒருவர்கூட அப்படி வைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

நாணு என்னைத் தனியாகக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். அவருக்குப் பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. "நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் எட்டாவது படித்தவளை அனுப்பினால் நம் பெயர் என்ன ஆகும்?" என்றேன். அந்த வகுப்பை நானே எடுப்பதாகவும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

முத்துமாரியிடம் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. "உங்கிட்ட நிறைய திறமை இருக்கு. ஆனா நீ இன்னும் தயாராகலை" என்றேன். ஆட்களைத் தட்டிக்கழிக்க எங்கள் தொழிலில் இதைவிட வசதியான வாக்கியம் இல்லை.

"தயாராக என்ன செய்யணும் மேடம்?" என்று கேட்டாள். டீ ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வா என்றேன்.

வகுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக் கொடுத்ததும் அவள்தான். எல்லாரும் அவள் சந்துக்காரிகள். நான் கஞ்சியைச் சொன்னேன், தாப்பாவைச் சொன்னேன், அரிப்பதைச் சொன்னேன். எல்லாம் அவள் பேச்சு. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்திருந்தேன்.

முன்வரிசையில் இருந்த ஆறுமுகத்தாய் துள்ளி எழுந்தாள். "எக்கா, இது நீ சொன்னதுல்லா! தாப்பா மொதக்கொண்டு அப்படியே இருக்கு!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. டீ ஊற்றிக்கொண்டிருந்த முத்துமாரி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆமாம், அவளுடையதுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குக் காசா பணமா?

"என் கிளாஸைக் கேட்டுக் கேட்டு முத்துமாரிக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுத்து" என்று சிரித்தேன்.

"அப்போ இம்புட்டு நாளும் மேடம் பேச்சத்தான் உன் பேச்சுன்னு அளந்தியாக்கும்!" என்றாள் ஆறுமுகத்தாய். கூடம் முழுக்கச் சிரித்தது. முத்துமாரி குனிந்து மிச்ச டீயை ஊற்றினாள். கோப்பையை வாங்கும்போதும் அந்தப் பெண்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள்.

முடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மூன்று மொழியில் சண்டை போடுகிறவள் ஆயிற்றே. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? அந்தத் தாப்பாவும் நீங்க சொன்னதுதானா? நானா யோசிச்சதுன்னுல்லா இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்."

"நான் சொன்னதுதான்" என்றேன்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"அப்படித்தான் இருக்கும் மேடம். எனக்கு எங்க அதெல்லாம் தோணப்போவுது?" என்று சொல்லிவிட்டுப் பையை என்னிடம் நீட்டினாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன்.