நாக்கு இல்லாத மணி

பேய், பிசாசு என்று யார் ஆரம்பித்தாலும் வாயை மூடு என்று சொல்கிறவன் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் அன்று பட்டப்பகலில் நடந்ததை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

ஆம்பூர் பக்கம் எங்கள் ஊர் சர்ச் மணிக்கூண்டைப் பார்க்க வேலூரிலிருந்து ரயிலேறி வருவார்கள். அடி நிலை கருங்கல். மேலே இரண்டு நிலை செங்கல், கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. உச்சியில் நாலு பக்கமும் வளைவு, நடுவில் அண்டா அளவு மணி. மணியின் இரும்பு நாக்கு ஒரு தோல் வாரில் தொங்கும். இரண்டு வருஷத்தில் வார் தேய்ந்துவிடும். மாற்றுவதற்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் என்னைக் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்றம் என்று கடைசி வரிசைக்குத் தள்ளுவார்கள்.

"நம்ம தோல் இல்லாம அவங்க மணி பேசாதுண்ணே" என்று தம்பி தானியேல் சிரிப்பான். அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. இருபத்திரண்டு வயது. ஷாப்பில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலை. கூண்டின் வளைவிலிருந்து பார்த்தால் அவன் குழி விளிம்பில் நிற்பது தெரியும்.

அன்று கூண்டு உச்சியில் உட்கார்ந்து, நாக்கைக் கழற்றி மடியில் போட்டுப் பழைய வாரை அறுத்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக. சாவு மணி அப்படித்தான் அடிக்கும், செத்தவருடைய வயதில் வருஷத்துக்கு ஒன்று.

கீழேயிருந்து மணியடிக்கிற சவரி கத்தினார். "டேய் யாகோபு, யார்டா செத்துட்டாங்க? இன்னாடா வெளையாட்டு?"

"நாக்கு என் மடியில கீதுண்ணே!"

நாக்கைத் தள்ளிவிட்டு எழுந்து மணியை உள்ளங்கையால் அழுத்தினேன். அது அசையவில்லை, அதிரக்கூட இல்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பத்தொன்பது. இருபது. நான்தான் விளையாடுகிறேன் என்று நினைத்துத் தம்பி அண்ணாந்து பார்த்து, விரல் மடக்கி எண்ணிச் சிரித்தான். "தள்ளி நில்லுடா" என்று கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. இருபத்திரண்டோடு நின்றது. அதற்கப்புறம்தான் அவன் எனக்குக் கையை ஆட்டினான், ஓர் எட்டு பின்னால் வைத்தான், ஈரக் கல்லில் வழுக்கினான். குழியின் கல் விளிம்பில் தலை. நான் அத்தனை படியும் இறங்கி ஓடி என்ன பிரயோஜனம்?

அடக்கத்தன்று சவரி மணிக் கயிற்றைத் தொடவில்லை. "அவனுக்குத்தான் அடிச்சாச்சேடா" என்றார். ஊரில் பாதிப் பேர் நான்தான் அடித்தேன் என்கிறார்கள். எதால் அடித்தேன், என் தலையாலா?

புது வாரை நான்தான் மாட்டினேன். அது தானியேல் கைபட்ட தோல். பதினொரு வருஷம் ஆகிறது, மாற்ற யாரும் கூப்பிடவில்லை. போன வாரம் சவரியைக் கேட்டேன். தினம் மணி அடித்தும் வார் துளிகூடத் தேயவில்லையாம்.