தெர்மாகோல் பாறையும் இரும்பு பீரோவும்

சமீபத்தில் வீடு மாறினேன். பொழிச்சலூரிலிருந்து செம்பாக்கத்துக்கு. சாமான் ஏற்றி இறக்க, மேஸ்திரி ஒருவர் நான்கு ஆட்களோடு வந்தார். அவர்களில் ஒருவர் ஏழுமலை. பெயரையும் ஊரையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

டீ குடிக்கும்போது சினிமாப் பேச்சு வந்தது. தாம்பரத்தில் ஓடுகிறதே, அந்த இத்தாலிப் படம்! இடுப்பில் தோல் துண்டு, கையில் வாள், எதிரே ரப்பர் பூதம்... ஹீரோ ஒரு வீட்டளவு பாறையைத் தூக்கி அதன் தலையில் போடுவார்.

"அது தெர்மாகோல்ப்பா. அதைத் தூக்க நடிப்பு வேறயா?" என்றேன், பெரிய மேதாவியாக.

ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தெரியும் சார். மூணு தபா பாத்துட்டேன். காலை அகட்டி வச்சிகினு, மூச்சைப் புடிச்சிகினு தூக்குறான். கழுத்து நரம்பு பொடைக்குது. கீழ போட்டப்புறமும் கை நடுங்குது... ஒண்ணுமில்லாத கல்லுக்கு அவன்தான் சார் வெயிட்டு குடுக்குறான்."

எனக்குச் சுருக்கென்றது. நானும்தான் படம் பார்த்தேன். அந்தக் கை நடுங்கியது ஏன் கண்ணில் படவில்லை? தூக்கிப் பழகியவருக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்தது பீரோ. மாடிக்கு. ஏழுமலை முதுகில் வாங்கிக்கொண்டார். "இதெல்லாம் ஒரு வெயிட்டா மேஸ்திரி?" என்று சிரித்தபடி ஏறினார். பின்னால் நான்.

படி திரும்பும் இடம். மேஸ்திரியின் கண்ணுக்கு மறைந்ததும் பீரோவைச் சுவரில் சாய்த்தார். முகம் வெளுத்திருந்தது. கண்ணில் நீர்.

"ஐயோ, என்னாச்சு?"

"முதுவு போயி ஆறு மாசம் ஆவுது சார். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா அப்புறம் கூப்புட மாட்டாரு. சொல்லிடாத சார்... மூணு புள்ளைங்க கீது."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். மறுபடி அதே சிரிப்பு. ஏறிவிட்டார்.

லேசானதைக் கனமாகக் காட்டுவது அந்த நடிகரின் தொழில். கனமானதை லேசாகக் காட்டுவது இவர் பிழைப்பு. எது கஷ்டம், நீங்களே சொல்லுங்கள்? அங்கேயாவது 'கட்' சொல்ல ஒருவர் இருக்கிறார்.

கிளம்பும்போது மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"நாளைக்கு இரும்புலியூர்ல ஒரு பியானோ சார். மூணாவது மாடி. முன்பக்கம் புடிக்க ஏழுமலையைப் போடலாம்னு கீறேன். தாங்குவானா? நீங்கதான் கூடவே ஏறினீங்களே..."

ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தாங்க மாட்டார் என்றால் வேலை போய்விடும். தாங்குவார் என்றால்...?

"ஓ, தாராளமா!" என்றேன்.

ஏழுமலை என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது.

அவர் வேலையைக் காப்பாற்றிவிட்டேன். முதுகை?