ஜெபத்துக்கு நின்ற இஞ்சின்

ஸ்ரீவைகுண்டத்தில் வாத்தியார் வேலை பார்த்தபோது என் வீட்டுக்காரருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். விடுமுறை முழுக்க அதோடுதான் குடித்தனம். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, தண்ணீர் கசியாமலிருக்கக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். காய்ச்சியது என் மீன்குழம்புச் சட்டியில். துருப்பிடித்து இறுகிப்போன இஞ்சினைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தார். அதனிடம் பேசிய பரிவில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் சட்டியைக்கூட மன்னித்திருப்பேன்.

ஆற்று அணைக்கட்டுக்கு மேலே, தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் படகை இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் கை சோரும்வரை இஞ்சின் சக்கரத்தைச் சுற்றினார். இஞ்சின் இருமியது, பிறகு தடதடவென்று பிடித்துக்கொண்டது. ஜெபம் பண்ண வந்திருந்த எங்கள் சபைக் குருவானவர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஜெபத்துக்கு நடுவே சத்தம் போடலாமா? என் வீட்டுக்காரர் பயபக்தியோடு இஞ்சினை நிறுத்தினார். வேதத்தில் வரும் படகுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கரையேற்றிவிட்டுத்தான் குருவானவர் ஆமென் சொன்னார்.

இஞ்சின் அதற்குப் பிறகு அசைவேனா என்றது. மறுபடி சக்கரம், மறுபடி வியர்வை. வெயில் சாயும் நேரத்தில்தான் பிடித்தது. உடனே நன்றி ஜெபத்துக்குக் கையை உயர்த்திக்கொண்டு குருவானவர் கரையோரம் வந்தார். ஜெபம் பண்ணாமல் ஒரு வாய் சோறு தொடாத மனிதர் என் வீட்டுக்காரர். அவர் படகைச் சட்டென்று நடு ஆற்றுக்குக் கிளப்பிக்கொண்டு போய், அங்கிருந்து கத்தினார்:

“நீங்க அங்கன நின்னே சொல்லுங்கய்யா, ஆண்டவருக்குக் கேக்கும்!”