கறுப்பு மணி வைத்த சிகரெட்

போன வாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினைப் பழுது பார்க்க வந்த தம்பி பழைய ஃபில்டரைத் திருகித் திறந்தபோது, சமையலறைத் தரையெங்கும் கறுப்பு மணிகள் கொட்டின. கரிதான், பெருக்கிவிடலாம் என்று அவர் பதறினார். நானோ துடைப்பத்தை எடுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றேன். என் முதல் வேலைக்கு உலை வைத்ததே இந்தக் கரி மணிதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

படிப்பு முடித்த கையோடு சென்னை சர்வே கம்பெனி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. அப்போது ஒரு சிகரெட் கம்பெனி புது விதமான சிகரெட்டுகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் போடாத வெள்ளை டப்பாக்களில் இரண்டு வகை. ஒன்றில் வழக்கமான பஞ்சு ஃபில்டர். இன்னொன்றில் பஞ்சுக்குள் ஏதோ. என்னவென்று எனக்கும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடுமாம். என் சொந்த ஊரான நெய்வேலியில் சிகரெட் குடிப்பவர்களை என் முன்னால் குடிக்கவைத்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுத வேண்டும். ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் வளர்ந்தவளுக்கு அதைவிட இனிப்பான சொல் உண்டா?

முதல் நாளே சிக்கல். என் அப்பா நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் இன்சார்ஜ். சார் மகள் முன்னால் எப்படிப் பற்றவைப்பது என்று எல்லோரும் நெளிந்தார்கள். கடைசியில் புல்டோசர் ஓட்டுகிற தணிகாசலம் அண்ணன்தான் வழி சொன்னார்.

"நீ அந்தாண்ட திரும்பிக்கினு நில்லும்மா. நாங்க இழுத்துட்டு சொல்றோம்."

அப்படியே ஆயிற்று. டீக்கடை ஓரத்தில் அவர்கள் புகை விட, நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பலாமரத்திடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். யாராவது போட்டோ எடுத்திருந்தால் எனக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

இரண்டாவது டப்பாவுக்கு வந்ததும் முதுகுக்குப் பின்னால் ஒரே இருமல். இழுக்கவே வரவில்லை என்று முணுமுணுப்பு. யாரோ பிளேடால் பஞ்சைக் கீறியிருக்கிறார்கள். கறுப்பு மணிகள் உதிர்ந்தன. தணிகாசலம் அண்ணன் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"நம்ம கரிடா இது" என்றார்.

அவ்வளவுதான். நம் மைன்ஸ் கரி சிகரெட்டுக்குள்ளேயே போய்விட்டது என்று பிளாக் பிளாக்காகச் செய்தி பரவியது. வேறு எந்த ஊர்க்காரருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. நாம் வெட்டுவது பழுப்புக் கரி, இது கன்னங்கரேல் என்றிருக்கிறதே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நிலக்கரி ஊரில் பிறந்த நானாவது யோசித்தேனா? பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தவர்கள்கூடப் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

மார்க்கைப் பார்த்துச் சென்னையிலிருந்து மேனேஜர் ஓடி வந்தார். மற்ற ஊர்களில் யாருமே சீந்தாத சிகரெட்டாம் அது. டீக்கடையில் விசாரித்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. அது தேங்காய் ஓட்டைச் சுட்டு எடுத்த கரி, புகையை வடிகட்டுமா என்று பார்க்கத்தான் வைத்தார்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

அண்ணன் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"அதான பாத்தேன். வாயில வைக்க முடியல."

எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கேயே மார்க்கை மாற்றி எழுதச் சொல்லி என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதலில் எழுதியதும் செல்லாது, மாற்றியதும் செல்லாது. மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி நான் வேலைக்கு வர வேண்டாம் என்றார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு முழுப் பலாப்பழம் வந்து இறங்கியது. வேலைக்கு ஈடாகப் பலாப்பழம் வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சுளை தேனாக இருந்தது.

அந்த சிகரெட் எங்கள் ஊரில் எந்தக் கடைக்கும் வரவில்லை. அண்ணன் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பம் போய்விட்டார், சிகரெட்டையும் விட்டுவிட்டாராம். அவர் மகன் இப்போது அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். நேற்று பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலையெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

"அவங்க கரிய வாரிகினு இருக்கேங்க்கா" என்றான்.

அப்பாவுக்கு ‘நம்ம கரி’, மகனுக்கு ‘அவங்க கரி’. எனக்கு வேலை போனதற்குக்கூட நான் இவ்வளவு வருந்தியதில்லை.