பக்கத்துப் பெட்டியில் ஏற்றிய கன்று

கட்டுமாவடிப் பக்கம் கடல் கரையேறி வந்த அந்தப் பெரிய புயல் அடித்ததே, எங்கள் வீட்டுக் கூரை பறந்துபோய் அடுத்த கொல்லையில் குடை மாதிரி கவிழ்ந்து கிடந்ததே, அதற்குப் பின்வந்த மாசி மாதம் இது நடந்தது. வருடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மறுபடி வேய்ந்த கீற்று இன்னும் வெயிலில் வெளுக்கவில்லை. எனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குப் பக்கம். அக்காவைக் கீரனூரில் கொடுத்திருந்தது. மச்சானுக்கு ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாய்வீட்டுக்கு அப்போது கூரையே இல்லை. உத்தரம் விழுந்து அப்பாவின் கால் வேறு முறிந்திருந்தது. அதனால் அக்கா மாமியார் வீட்டிலேயே பெண்குழந்தை பெற்றாள். அந்த மாமியார் புயலை மன்னித்துவிட்டார். எங்கள் ஆத்தாவை மன்னிக்கவில்லை. கிணற்றடியில் நாலு பேர் இருக்கும்போது, “பெத்தவளுக்கே வேண்டாத பொண்ணு” என்று ஒரு சொல் விட்டாராம். அது எப்படியோ அறந்தாங்கி வரைக்கும் நடந்து வந்து சேர்ந்தது.

கூடவே இன்னொரு சேதியும் வந்தது. அக்காவுக்குப் பால் போதவில்லை, பிள்ளை ராவும் பகலும் அழுகிறது என்று. ஆத்தா அதைக் கேட்டாள். எழுந்துபோய், வீட்டில் இருந்த ஒரே கறவையான செவலையின் கயிற்றை அவிழ்த்து மாமாவின் கையில் கொடுத்தாள். செவலை கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மாமா என்றால் ஆத்தாவின் கடைசித் தம்பி. எந்தக் காரியத்தையும் நேர்வழியில் செய்தால் தன் அறிவுக்கு அவமானம் என்று நினைக்கிறவர்.

“நடத்திக்கிட்டே போயிருடா. மூணு நாள்ல போயிரலாம்ல” என்றாள் ஆத்தா.

“நடந்தா மாடு எளச்சுப் போயிரும்க்கா. கன்னும் சின்னது. ரயில்ல கொண்டு போறேன். மடி தளும்பத் தளும்ப அந்தம்மா வாசல்ல நிறுத்துறேன் பாரு. வாயத் தொறக்கட்டும் அப்ப!”

மச்சான் சொல்லிவைத்து சரக்கு ரயிலில் ஒரு பெட்டி கிடைத்தது. மாட்டோடு ஆள் போகலாம் என்றார்கள். நானும் வருவேன் என்று மண்ணில் புரண்டு அழுததில் நானும் ஆளானேன். அறந்தாங்கியிலிருந்து கீரனூருக்கு அந்த ரயில் நேராகப் போகாது. தெற்கே காரைக்குடி ஜங்ஷனுக்குப் போய், அங்கே பெட்டியைக் கழற்றி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி போகிற வேறு ரயிலில் மாட்டி, வடக்கே வரவேண்டும். இதெல்லாம் மாமாவுக்குத் தெரியும். தெரிந்தும்தான் அதைச் செய்தார்.

பலகை போட்டுச் செவலையை ஏற்றினோம். கன்றை ஏற்றப்போகும்போது மாமா நின்றார். நின்றாரென்றால் யோசனை வந்துவிட்டது என்று பொருள்.

“இது கூட இருந்தா வழியிலயே பூராத்தையும் குடிச்சுப்புடும்டா. போய் எறங்கும்போது மடி கிழிஞ்ச பையாட்டம்ல தொங்கும்?”

அடுத்த பெட்டி காலியாக, கதவு பாதி திறந்து நின்றது. கன்றை அதில் தூக்கி விட்டு, வைக்கோலை உதறிப் போட்டு, கயிற்றை உள்ளே கட்டிவிட்டார். எங்கள் பக்கம் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து வேறு முளையில் கட்டுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாமா முளைக்குப் பதிலாக ரயில்பெட்டியைப் பிடித்தார், அவ்வளவே. கார்டு கடைசிப் பெட்டியில் இருந்தார். கேட்க ஆளில்லை.

வழியெல்லாம் ரயில் நின்ற இடத்திலெல்லாம் செவலை கூப்பிடும். பக்கத்துப் பெட்டியிலிருந்து கன்று பதில் கொடுக்கும். மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். எனக்கும் அவர் செய்தது பெரிய சாமர்த்தியமாகத்தான் பட்டது.

உச்சி வெயிலில் காரைக்குடி வந்தது. அத்தனை தண்டவாளத்தை ஒரே இடத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. நம் பக்கத்து ரயில் கொண்டுவந்த தேங்காயையும் உப்பையும் கடலையையும் புதுக்கோட்டை ரயில் பாதி, மானாமதுரை ரயில் பாதி என்று பங்காளிகள் மாதிரி அங்கே பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி இன்ஜின் பெட்டிகளை முட்டித் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தது. மாமா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். எங்கள் பெட்டியும் ஒரு முட்டு வாங்கியது. முன்னே போனது, பின்னே வந்தது, நின்றது. நான் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

இடம் மாறி நின்ற எங்கள் பெட்டியை மாமா தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வந்தபோது பக்கத்துப் பெட்டியில் உப்பு மூட்டைகள் இருந்தன.

“கன்னு எங்கடா?”

“பக்கத்துப் பெட்டியில மாமா.”

“பக்கத்துல உப்புல்ல இருக்கு!”

எனக்குப் புரியவில்லை. பெட்டிகளை நான் தெருவில் வரிசையாக இருக்கிற வீடுகள் என்று நினைத்திருந்தேன். அடுத்த வீடு எழுந்து எங்கே போகும்?

மாமாவின் கையிலிருந்து வாளி நழுவியது. ஓடினார். ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், எங்கு பார்த்தாலும் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. எழுதியிருந்து என்ன, எங்கள் இருவருக்கும் அது கோலம்தான். போகிற வருகிற ஆட்கள் கதவுகளையெல்லாம் இழுத்துச் சாத்தி வேறு விட்டிருந்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள்.

“காலிப் பெட்டின்னா மானாமதுரைப் பக்கம்யா. ஒங்க கன்னு ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போகுது. போற புண்ணியத்தத் தடுக்காத!”

மாமா சிரிக்கவில்லை. கன்று இல்லாமல் செவலை யாருக்கும் சுரக்காது. இது அவருக்குத் தெரியும். பால் தராத மாட்டைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தினால் பிள்ளை அழுவது நிற்காது, அக்காவைப் பற்றிய அந்தச் சொல்லும் நிற்காது. தாயில்லாமல் கன்று எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதும் தெரியும். நாற்பது ஊருக்குப் பதில் சொல்கிற அந்த மனிதர் தண்டவாளத்தின் மேல் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

பெட்டிகளைப் பிரித்து அனுப்ப அங்கே கொடி காட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வயதான பாய். வெள்ளைத் தாடியில் கரி படிந்திருந்தது. கொடி இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு வந்தார்.

“எந்தப் பெட்டியில ஏத்துனீங்க?”

“பக்கத்துப் பெட்டியிலங்க பாய்.”

“ரயில்ல பக்கத்துப் பெட்டின்னு ஒண்ணும் கெடையாது தம்பி. ஜங்ஷன் வர்ற வரைக்குந்தான் பக்கம். அப்பறம் அததுக்கு அதது ஊரு.” மாமாவின் முகத்தைப் பார்த்தார். “மானாமதுரை வண்டி கெளம்ப நிக்கிது. ஒவ்வொண்ணா தொறந்து பாக்க நேரமில்ல. மாடு கத்துமா?”

“காலைல இருந்து அதாங்க செய்யிது.”

“அப்ப அதையே கேப்போம். எந்திரி.”

பாய் நடுவில் போய் நின்று சிவப்புக் கொடியைப் பிடித்தார். குட்டி இன்ஜின் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, “என்ன பாய்?” என்றார். “சத்தம் போடாம இரு. ஒரு பிள்ளையக் கூப்பிடணும்” என்றார் பாய். டிரைவர் ஏதோ ஒரு பிடியைத் திருகினார். ஆவி சீறுவது அடங்கியது. மூட்டை தூக்குகிறவர்கள் தலைச்சுமையோடு அப்படியே நின்றார்கள். சிரித்தவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஜங்ஷன், அந்த வெயிலில், ஒரு மாட்டுக்காக வாய் மூடி நின்றது.

செவலை கழுத்தை நீட்டி ஒருமுறை கூப்பிட்டது.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காக்கை மட்டும் கத்தியது. ஒருவர் அதைக் கல்லால் அடித்தார். செவலை மறுபடி கூப்பிட்டது. அப்போது வெகுதூரத்தில், கடைசித் தண்டவாளத்தில், கிளம்பத் தயாராக நின்ற ரயிலின் வாலிலிருந்து மெலிசாக ஒரு குரல் வந்தது. குழந்தை தூக்கத்தில் சிணுங்குமே, அந்த அளவுதான்.

“அந்தா!” என்று பத்துப்பேர் ஒன்றாகக் கத்தினார்கள். கல்லெறிந்தவர்தான் முதலில் ஓடினார். பாய் கொடியை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

மாமா கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வழிநெடுக அழுதார், அதைத் துடைக்கவும் கை இல்லை. பெட்டிக்குள் இறக்கிவிட்டதும் கன்று மடியில் போய் முட்டியது. பழக்க தோஷம், மாமா அப்போதும் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

“விடுப்பா” என்று பாய் அதட்டினார். “ரயில்வேயே விட்டுக் குடுத்துருச்சு, நீ என்ன புடிச்சு இழுக்குற? குடிக்கட்டும்.”

அது ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது.

கீரனூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாமா சொன்னபடியே வாசலில் நிறுத்தினார். அக்காவின் மாமியார் செவலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“மாடு வந்துருச்சு. மடி எந்த ரயில்ல வருது?”

“காலையில பாருங்க மதினி” என்று மட்டும் சொன்னார் மாமா. அவர் அவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை.

காலையில் அந்த மாமியாரே செம்பை எடுத்துக்கொண்டு போனார். கன்றை ஊட்டவிட்டுப் பிடித்துக் கட்டினதும் செவலை சுரந்தது. செம்பு நிறைந்து நுரை வழிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சி, ஆற்றி, தண்ணீர் கலந்து, தன் மடியில் பிள்ளையைப் போட்டுச் சங்கில் தானே புகட்டினார். பிள்ளை குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனது.

அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். நடந்ததையெல்லாம் செவலை மாதிரியும் கன்று மாதிரியும் கத்திக் காட்டிச் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நான் கல்யாணமாகிக் கெளம்புன அன்னைக்கு எல்லாரும் அழுதாக. ஆத்தா கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. நான் போனதுக்கு அப்பறமாச்சும் அழுதுச்சாடா தம்பி?”

பொய் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? “இல்லக்கா” என்றேன். “வண்டி தெரு முக்குத் திரும்பினதும் கூடையத் தூக்கிக்கிட்டு சாணி அள்ளப் போறேன்னு மாட்டுக் கொட்டகைக்குப் போச்சு. பொழுதுக்கும் அங்கனயே இருந்துச்சு. வெளக்கு வச்சும் வரல. நான் பசிக்குதுன்னு போயிக் கூப்பிட்டேன். தூணப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கூடைல பாத்தா, ஒரு கைச் சாணிகூட இல்லக்கா.”

அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அழாத ஆத்தாவுக்காக இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். சோம்பேறித்தனத்தைக் காட்டிக்கொடுத்து ஆத்தாவுக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டோம் என்றுகூடப் பயந்தேன்.

ஆத்தாவும் இல்லை, அக்காவும் இல்லை. சங்கில் பால் குடித்த அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கீரனூரில்தான் இருக்கிறாள். எனக்கு இந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடிவதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவளைக் கண்டு, அந்தக் கூடையில் சாணி இல்லாமலிருந்ததை மறக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.