நாலு சொன்னால் அஞ்சு வர வேண்டும்

குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர்க்காரனுக்குத் தண்ணீரில் என்ன பந்து விளையாட்டு என்று என் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். அறுபதுகளின் கடைசியில், மதுரையில் கல்லூரிக்குப் போன முதல் வருஷம், விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்தவன் வாட்டர் போலோ அணியில் சேர்ந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா தறிக்குழியிலிருந்து தலையை மட்டும் நிமிர்த்தி அப்படிக் கேட்டுவிட்டு மறுபடி நாடாவை ஓட்டப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இரண்டிலும் அந்த விளையாட்டுக்கு வார்த்தை கிடையாது. கையைக் காலை உதைத்துக் காட்டித்தான் அம்மாவுக்கு விளக்கினேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அம்மா பயந்தாள்.

நான் நீந்தக் கற்றது குளத்தில் அல்ல, கிணற்றில். திருச்சுழி போகிற ரோட்டில் என் பள்ளிக்கூடச் சிநேகிதனின் அப்பாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. சுற்றிலும் மழையை நம்பின நிலம். நடுவில் இந்த ஒரு கிணறு, அகலமான கிணறு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகளைப் பிடித்து இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏழெட்டுப் பேர் சைக்கிள் மிதித்துப் போய்விடுவோம். சிநேகிதனின் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: எண்ண வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்களுக்கு முந்தின செட்டில் ஒருவர் அதே கிணற்றில் குதித்து அடிச் சகதியில் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் மேலே கூச்சல் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஏறித் துணி மாற்றிய பிறகு கரையில் ஒரு சட்டை மிஞ்சியபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து அந்தக் கிணற்றில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. யாராவது குதித்தால், தண்ணீர் அடங்கின கையோடு மற்றவர்கள் "எண்ணு!" என்று கத்துவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவரவர் எண்ணை அவரவர் சொல்ல வேண்டும். ஓர் எண் வராவிட்டால் எல்லா விளையாட்டும் அந்த இடத்தில் நின்றுவிடும், எல்லாரும் முங்கித் தேட வேண்டும். நான் நாலு. சிநேகிதன் அஞ்சு. எனக்கு அடுத்த குரல் எப்போதும் அவனுடையதுதான்.

அவனும் நானும் ஒரே கல்லூரியில் சேர்ந்தோம். அங்கே நீச்சல் குளம் இருந்தது. அடி தெரிகிற நீலத் தண்ணீரைப் பார்த்து இருவரும் வாயைப் பிளந்தோம். இவ்வளவு தண்ணீரை ஒருத்தரும் பாய்ச்சாமல் சும்மா வைத்திருக்கிறார்களே என்று அவன் வருத்தப்பட்டான், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை அல்லவா.

அணித் தலைவர் இராமநாதபுரம் பக்கம் கடற்கரைக்காரர், எங்களைவிட இரண்டு வருஷம் மூத்த மாணவர். முதல் மாதம் பந்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஆளுக்கொரு செங்கல்லைக் கொடுத்து, அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஆழத்தில் நிற்கச் சொன்னார். தரையில் கால் ஊன்றக் கூடாது, அது இந்த விளையாட்டின் சட்டம். அப்புறம் எப்படி நிற்பது? கால்களால்தான். இரண்டு காலும் ஒன்றுவிட்டு ஒன்று வெளிப்பக்கமாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து தறியில் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்த கால்கள், அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிநேகிதனுக்கு வரவில்லை. அவன் தவளை மாதிரி இரண்டு காலையும் ஒருசேர உதைப்பான். உதைக்கும்போது இடுப்புவரை எழும்புவான், அடுத்த உதைக்குள் மூக்குவரை அமுங்குவான். அமுங்கின அந்த நேரம் பார்த்து யாராவது தோளில் கை வைத்தால் போதும், ஆள் காணாமல் போய்விடுவான். தலைவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பந்தைத்தான் முதலில் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். பொறுங்கள் என்றுதான் சொல்வேன். கால் நிற்காதவனுக்குக் கை நிற்காது. பந்து வந்த பிறகும் அதை மேலிருந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். கையை அடியில் கொடுத்தால் தானாக உள்ளங்கையில் ஏறி உட்காரும். ஒரு கையால்தான் எல்லாம், இரண்டு கை கோல் காப்பவருக்கு மட்டும். தலையைத் தூக்கியே நீந்துங்கள். எங்களை மாதிரிக் கிணற்று ஆட்களுக்கு அது மட்டும் இயல்பாக வரும், எவன் மேலே குதிக்கிறானோ என்று அண்ணாந்து பார்த்தே பழகினவர்கள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முன் நடுவர் விரலைப் பார்ப்பார், பார்க்காவிட்டாலும் வெட்டுங்கள், எதிராளியும் தாய் பெற்ற பிள்ளைதான்.

ஆட்டத்துக்கு அணிகிற எங்கள் நீலத் தொப்பிக்கு எண் கொடுத்தபோது நாங்கள் நாலும் அஞ்சும் கேட்டு வாங்கிக்கொண்டோம். அதில் இப்படி ஒரு வினை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் பந்தயம் மதுரையிலேயே இன்னொரு கல்லூரியோடு. எதிரணிக் கோலுக்கு முன்னால் சிநேகிதன் கையில் பந்து. பின்னாலிருந்து ஒருவன் அவனை அமுக்கினான். பந்து கையில் இருக்கிறவனை அமுக்கலாம், அதில் குற்றமில்லை. பந்து நழுவி நேராக என்னிடம் வந்தது. எனக்கும் கோலுக்கும் நடுவில் யாருமில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாலு!" என்று கத்தினேன். அஞ்சு வரவில்லை. பந்தை விட்டுவிட்டு முங்கினேன். கீழே அவன் சௌகரியமாகத்தான் இருந்தான். நான் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தபோது பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது. குளத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏலே, இது என்ன உங்க ஊருக் கெணறா?" என்றார் தலைவர். "கோல் போட வந்தியா, தலைய எண்ண வந்தியா? பந்தப் பாரு, ஆளப் பாக்காத. இன்னொரு தடவ இப்படிச் செஞ்சா ஒன்னய வெளிய ஒக்கார வச்சுருவேன்."

அவர் சொன்னதைச் செய்கிறவர். எனக்கோ அந்த இடம் போனால் எல்லாம் போன மாதிரி. மகன் அணியில் ஆடுகிறான் என்று தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அம்மா சொல்லிவைத்திருந்தாள், அது என்ன ஆட்டமென்று தெரியாமலே. ராத்திரி விடுதியில் சிநேகிதனே என்னிடம் வந்தான்.

"இனிமே என்னயத் தேடாதலே. முங்குனா மேல வாரதுக்கு எனக்குத் தெரியாதா? நீ கோலப் போடு."

"அஞ்சு வரலேன்னா மனசு கேக்க மாட்டேங்குதுலே."

"மனச ஹாஸ்டல்ல வச்சுட்டு வா," என்றான்.

அப்படியே வைத்துவிட்டு வரப் பழகினேன். எளிதாக இல்லை. யாராவது முங்கினால் நாலு என்ற சொல் தானாகத் தொண்டைக்கு வரும். பல்லைக் கடித்து விழுங்குவேன். மூன்று நான்கு மாதத்தில் அது வராமலே போயிற்று. தலைவர் முதுகில் தட்டினார். தேறிவிட்டேன் என்று நானும் நம்பினேன்.

அந்த வருஷக் கடைசிப் பந்தயம். இரண்டு அணிக்கும் மூன்று மூன்று கோல், நேரம் முடியப் போகிறது. நாங்கள் முன்னேறும்போது சிநேகிதன் எனக்கு இடது பக்கம், இரண்டு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தான். அவனைக் காத்தவன் தண்ணீருக்குள் அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இது குற்றம்தான், ஆனால் நடுவருக்குத் தண்ணீருக்கு அடியில் கண் கிடையாது. அமுங்கினவனுக்குக் கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்தது, இடது பக்கம் இருந்த நீலத் தொப்பி இல்லை என்பது மட்டும். பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்துவிடுவான் என்று நினைத்தேன். பந்து வந்தது. சொல்லிக்கொடுத்த மாதிரியே அடியில் கை கொடுத்து வாங்கினேன், காலை மிதித்து எழும்பினேன், கோல் காப்பவர் ஒரு பக்கம் சாய்கிறவரை பொறுத்து மறு பக்கம் அடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சுத்தமான கோல் நான் போட்டதில்லை.

கையைத் தூக்கிக் கத்தினேன். கோலை விட்டுக்கொடுத்த அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர் பந்தை எடுக்கப் போகவில்லை. என்னைத் தாண்டி நீந்தினார். எங்கே போகிறார் இவர் என்று திரும்பிப் பார்த்தேன். மோவாயைப் பிடித்து என் சிநேகிதனை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பெயர்கூடத் தெரியாத எதிரணி ஆள். கோலை விட்ட கவலையிலும் அவர் கண்ணுக்கு ஒரு தலை குறைந்தது தெரிந்திருக்கிறது.

குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீராகக் கக்கினான், இருமினான், கண்ணைத் திறந்தான். தலைவர் அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்து தேய்த்தார். கோல் செல்லும் என்று நடுவர் சொல்லிவிட்டார். ஜெயித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக நான் உணர்ந்தது இல்லை.

அவன் என்னிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "நல்ல கோலு." குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதன் பிறகு ஒரே அறையில் இருந்தோம், ஒரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பரீட்சை முடிந்து ஒரே பஸ்ஸில் ஊருக்கு வந்தோம், அருப்புக்கோட்டையில் நான் இறங்கினேன், "வாரேன்லே" என்றேன், தலையை ஆட்டினான்.

நான் அப்புறமும் நான்கு வருஷம் ஆடினேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த முதல் பந்தயத்தில் நான் எண்ணியது தப்பே இல்லை. மறு விநாடி பொறுக்காமல் பந்தை விட்டு முங்கியதுதான் தப்பு. பந்தைப் பாரு, ஆளைப் பார்க்காதே என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் பாதியை மட்டும் கேளுங்கள். பந்து கைவிட்டுப் போனதும் உங்கள் அணித் தொப்பிகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ஆறு தலையும் இருந்தால், யார் சும்மா நிற்கிறான், அடுத்த பந்தை எவனுக்குப் போடலாம் என்று தெரியும். ஒரு தலை குறைந்தால் ஒரு மூச்சு நேரம் பொறுங்கள். அதற்கு மேலும் வரவில்லையென்றால் கோலாவது மண்ணாவது.

அந்தக் கோடை விடுமுறையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றுப் பக்கம் போகவில்லை. நாலாவது வாரம் பழைய ஆட்கள் வீட்டுக்கே வந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் பாதிக்குமேல் இறங்கியிருந்தது. சிநேகிதன் முன்பே உள்ளே இருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நீந்தினோம். அப்புறம் ஒருவன் மேல்படியிலிருந்து குதித்தான். தண்ணீர் சிதறி எல்லார் கண்ணையும் மறைத்தது.

"எண்ணு!"

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

"நாலு," என்றேன்.

அஞ்சு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவன் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. காத்திருக்கவில்லை. முங்கினேன். கலங்கின தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, கையால் துழாவினேன், சகதி தட்டுப்பட்டது, கல் தட்டுப்பட்டது, ஆள் தட்டுப்படவில்லை. மூச்சு முட்டி மேலே வந்தேன், மறுபடி முங்கினேன். இரண்டாம் தடவை மேலே வந்தபோது அவனுடைய பெயரைக் கத்திக்கொண்டு வந்தேன், வாயெல்லாம் தண்ணீர்.

அவன் எனக்குப் பின்னால், படிக்கல் நிழலில், சுவரைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவில் நின்றிருந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"அன்னிக்கி நான் உள்ள கெடந்தது இம்புட்டு நேரம்லே," என்றான். பிறகு கையை நீட்டி என்னைக் கல்லுக்கு இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அஞ்சு!" என்றான்.